மாதம் என்றால் எத்தனை நாள்?

மாதம் என்றால் எத்தனை நாள்? ஆலைத் தொழிலாளியைக் கேட்டால் முப்பது என்பார், அல்லது முப்பத்தொன்று என்பார். வீட்டு வாடகை வாங்குபவருக்கும் அதே கணக்குத்தான். மளிகைக் கடைக்காரருக்கும் பால்காரருக்கும் அதே கணக்குத்தான். ஆனால் செல்போன் கம்பெனிக்கு மட்டும் மாதம் என்றால் 28 நாள்! இந்த மாதத்தை எந்தப் பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்தார்கள்?

சின்ன விஷயம்தானே, இரண்டு நாள்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்திற்கு 365 நாள். 28 நாளுக்கு ஒரு தடவை ரீசார்ஜ் செய்தால் வருஷத்திற்கு 12 தடவை அல்ல, 13 தடவை பணம் கட்ட வேண்டும். தடவைக்கு 299 ரூபாய் என்றால் 12 தடவைக்கு 3,588 ரூபாய். 13 தடவைக்கு 3,887 ரூபாய். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்றைச் சிருஷ்டித்து, அதற்கும் நம்மிடம் வசூல் செய்கிறார்கள்.

நமக்கும் பதின்மூன்றாவது மாதம் ஒன்று உண்டு. அது போனஸ். 8.33 சதவிகிதம் என்கிறோமே, அது பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் ஒரு மாதச் சம்பளம். அதைப் பெறுவதற்கு இந்நாட்டுத் தொழிலாளி எத்தனை வேலைநிறுத்தம் செய்தான், எத்தனை தடியடி வாங்கினான்! கம்பெனிகளோ கோஷம் போடாமல், கொடி பிடிக்காமல், சத்தமின்றித் தங்கள் பதின்மூன்றாவது மாதத்தை வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு போகின்றன.

"அப்படியானால் செல்போனே வேண்டாம் என்று இருந்துவிடலாமே" என்று உபதேசம் செய்கிற பெரிய மனிதர்கள் உண்டு. இந்த உபதேசம் யாருக்கு? இன்று வங்கியில் பணம் எடுக்க ஓ.டி.பி. வேண்டும். கியாஸ் சிலிண்டர் பதிவு செய்ய செல்போன் வேண்டும். ஷிப்ட் மாறினால் சூப்பர்வைசர் வாட்ஸப்பில் போடுகிறார். பார்க்காதவன் மறுநாள் கேட்டில் நிற்க வேண்டியதுதான். நடவுக்கு எந்த வயலில் ஆள் வேண்டும் என்ற தகவல் போனில்தான் வருகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தலங்களில் வருகையைச் செல்போன் செயலியில் போட்டோவுடன் ஏற்ற வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. போட்டோ ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து! செல்போன் ஆடம்பரம் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. அது இன்று மண்வெட்டியைப் போல, டிபன் பாக்ஸைப் போல, உழைப்பாளியின் கைப்பொருள். கைப்பொருளை வாங்குகிறவன் விலை கேட்டுத்தானே வாங்க வேண்டும்?

இந்த விலை எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ கம்பெனி கடை திறந்தது. அதற்கு முன் ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு சுமார் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஜியோ 2017 மார்ச் 31 வரை எல்லாம் இலவசம் என்றது. ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நிற்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் முதலாளி இலவசமாகக் கொடுத்தால், அதற்கும் ஒரு பில் பின்னால் வரும். போட்டி கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நமது தமிழ்நாட்டிலே பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலானது. லட்சக்கணக்கான ஜனங்கள் கையில் செத்த சிம்மை வைத்துக்கொண்டு தவித்தது நினைவிருக்கும். அதே வருஷம் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டாடா டோகோமோ ஏர்டெலுக்குள் போயிற்று. பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்த சந்தையில் மூன்று தனியார் கம்பெனிகளும் பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.லும்தான் மிஞ்சின.

பிறகு பில் வந்தது. 2019 டிசம்பரில் விலை ஏறியது. 2021 கடைசியில் மறுபடி ஏறியது. 2024 ஜூனில் நடந்ததைக் கவனியுங்கள். ஜூன் 27 அன்று ஜியோ விலை உயர்வை அறிவித்தது. மறுநாள் ஏர்டெல் அறிவித்தது. அதே நாள் வோடபோன் ஐடியாவும் அறிவித்தது. ஜூலை 3, 4 தேதிகளில் மூன்றும் அமலுக்கு வந்தன. 28 நாளுக்கு தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோ திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆயிற்று. ஏர்டெலில் அதே திட்டம் 299-லிருந்து 349 ஆயிற்று. அரிசி விலை ஏறினால் சட்டசபையில் கேள்வி வரும். இதைக் கேட்க யாரும் இல்லை. செல்போன் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம், டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையத்திற்குத் தெரிவித்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு.

சரி, விலையை அவர்கள் வைக்கிறார்கள். எதை வாங்குவது என்பதையாவது நாம் தீர்மானிக்கிறோமா? அதையும் விளம்பரப் பலகைதான் தீர்மானிக்கிறது. இங்கேதான் தொழிலாளி தன் சொந்தக் கணக்கை எடுக்க வேண்டும்.

முதல் கணக்கு, நமது தேவை. ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்பவர் எட்டு மணி நேரம் போனைத் தொட முடியாது. வயலில் நாற்று நடும் சகோதரிக்குச் சேற்றுக் கையோடு வீடியோ பார்க்க நேரம் ஏது? ஒரு நாள் உபயோகத்தைப் பாருங்கள். பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால், சாதாரணத் தரத்தில், சுமார் 60 எம்.பி. அரை மணி நேரம் வாட்ஸப்பில் பேசினால் சுமார் 15 எம்.பி. அரை மணி நேரம் நடுத்தரத் தெளிவில் வீடியோ பார்த்தால் சுமார் 250 எம்.பி. எல்லாம் சேர்ந்து 350 எம்.பி.க்குள் அடங்கும். ஒரு ஜி.பி. என்பது 1,024 எம்.பி. ஆகவே ஒன்றரை ஜி.பி.யில் நாலில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை! மிச்சம் என்ன ஆகிறது? இரவு 12 மணி அடித்ததும் கம்பெனிக்கே திரும்பிவிடுகிறது. நாம் விலை கொடுத்து வாங்கிய பண்டம், நம் கண்ணெதிரே தினமும் பறிபோகிறது.

சினிமா பார்ப்பதும் கிரிக்கெட் பார்ப்பதும் குற்றமல்ல. நாளெல்லாம் உழைத்தவனுக்குப் பொழுதுபோக்கு உரிமை உண்டு. தினம் இரண்டு மணி நேரம் படம் பார்க்கிறவர் ஒன்றரை ஜி.பி.யே வாங்கட்டும். ஆனால் அதைத் தெரிந்து வாங்க வேண்டும். உங்கள் போனில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'டேட்டா யூசேஜ்' என்று ஓர் இடம் உண்டு. போன மாதம் எத்தனை ஜி.பி. செலவாயிற்று என்று அதுவே சொல்லும். ரீசார்ஜ் கடைக்குப் போகுமுன் அதைப் பாருங்கள். வாட்ஸப்பில் வருகிற படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள். தினசரி அளவு தீர்ந்தபின் வேகம் 64 கிலோபிட்டாகக் குறையும். அதில் வீடியோ ஓடாது, ஆனால் எழுத்துச் செய்தி போகும். ஆகவே தீர்ந்துவிடுமோ என்ற பயத்தினாலேயே பெரிய திட்டம் வாங்க வேண்டியதில்லை. 5 ஜி இலவசம் என்ற ஆசை வார்த்தையும் உண்டு. 2024 ஜூலை முதல் ஜியோவும் ஏர்டெலும் அதைத் தினம் 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களோடு கட்டிவிட்டன. கையில் இருப்பது 4 ஜி போன் என்றால் அந்த இலவசத்தால் நமக்கு என்ன பிரயோஜனம்?

இரண்டாவது கணக்கு, நாள் விலை. நமக்கு நாள் கூலி தெரியும். கம்பெனியின் நாள் கூலியையும் தெரிந்துகொள்ள வேண்டாமா? ரூபாயை நாளால் வகுத்துவிடுங்கள். 2024 ஜூலை விலைப்படி, ஜியோவின் 28 நாள் 299 ரூபாய்த் திட்டத்தில் நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. அதே ஒன்றரை ஜி.பி. 84 நாளுக்கு 799 ரூபாய். நாளைக்கு 9 ரூபாய் 51 காசு. இங்கே ஒரு விஷயத்தைப் பாருங்கள். மூன்று தடவை 299 கட்டினால் 897 ரூபாய். ஒரேயடியாகக் கட்டினால் 799. வித்தியாசம் 98 ரூபாய். கையில் 799 ரூபாய் மொத்தமாக வைத்திருப்பவனுக்கு அந்த 98 ரூபாய் மிச்சம். சனிக்கிழமைச் சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமைக் கடன்காரனிடம் கொடுக்கிறவனுக்கு அந்த 98 ரூபாய் நஷ்டம். ஒரே சரக்கு, ஒரே டவர். ஆனால் ஏழை அதிக விலை கொடுக்கிறான்! உதிரியாக எண்ணெய் வாங்குகிறவன் டின்னாக வாங்குகிறவனைவிட அதிகம் கொடுக்கிற அதே பழைய கதைதான்.

இதற்கு நம் ஜனங்களிடம் பழைய பரிகாரம் ஒன்று உண்டு: சீட்டு. ஒரே லைன் வீட்டில் இருக்கும் மூன்று குடும்பங்கள் 28 நாளுக்கு ஒரு தடவை ஆளுக்கு 270 ரூபாய் போட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டுக்கு 84 நாள் ரீசார்ஜ் செய்துவிடலாம். விவசாயத் தொழிலாளிக்குக் காலம் முக்கியம். அறுவடை முடிந்து தையிலும் மாசியிலும் கையில் காசு இருக்கும்போதே நீண்ட நாள் திட்டத்தைப் போட்டுவிட்டால், சித்திரையில் வேலை இல்லாத நாட்களில் போன் ஊமையாகாது. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் காலம் தீபாவளி போனஸ்.

காலண்டர் மாதத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். 28 நாள் மோசடியைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 2022 ஜனவரியில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையில் ஜியோவின் காலண்டர் மாதத் திட்டம் 319 ரூபாய். 12 தடவைக்கு 3,828. 28 நாள் திட்டம் 13 தடவைக்கு 3,887. பார்வைக்கு 319 அதிகம், வருஷத்திற்கு அதுவே குறைவு! இதைக் கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு, குடும்பக் கணக்கு. வீட்டில் மூன்று போன் இருந்தால் மூன்றிலும் டேட்டா வேண்டுமா? பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி ஏன் ஒன்றரை ஜி.பி.க்குப் பணம் கட்ட வேண்டும்? இந்த அநியாயம் வருஷக்கணக்கில் நடந்தது. 2024 டிசம்பர் 23 அன்று டிராய் விதியைத் திருத்தியது, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றை ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்று கட்டளையிட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அதைக் கொண்டுவந்தன. 84 நாளுக்கு ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெலில் 469 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

இந்த விலையில் 84 நாள் கணக்கைப் பாருங்கள். மூன்று போனிலும் 299 ரூபாய்த் திட்டம் என்றால் 2,691 ரூபாய். ஒரு போனில் மட்டும் டேட்டா, மற்ற இரண்டில் பேச்சு மட்டும் என்றால் 897-உம் 896-உம் சேர்ந்து 1,793 ரூபாய். மிச்சம் 898 ரூபாய்! மாலையில் வீட்டில் ஹாட்ஸ்பாட் போட்டால் ஒன்றரை ஜி.பி.யை மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கு 500 எம்.பி. வரும். வெளியே போன இடத்தில் டேட்டா இல்லையே என்றால், வங்கிக் கணக்கோடு இணைந்த போனில், அந்தச் சேவை கிடைத்தால், *99# அழுத்தி, இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம். பி.எப். இருப்பை அறிய, யு.ஏ.என்.னோடு பதிந்த எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒரு கேள்வி. டேட்டா உள்ள அந்த ஒரு போன் யார் கையில்? ஆண்பிள்ளை கையில்தான் என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். வேலைத் தகவல் வாட்ஸப்பில் வருவது மனைவிக்கு என்றால் அவர் கையில் இருக்கட்டும். பரீட்சைக்குப் படிப்பது மகள் என்றால் அந்த நேரம் அவள் கையில் இருக்கட்டும். தேவைப்படுகிறவருக்கே பண்டம் என்பது நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டிய நியாயம்.

நான்காவது, டவர். எவ்வளவு மலிவானாலும் உங்கள் தெருவிலும் வேலைத் தலத்திலும் சிக்னல் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் வெறும் காகிதம். பக்கத்து வீட்டாரை, கூட வேலை செய்கிறவரைக் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். தனது 4 ஜி சேவையை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கியது. உங்கள் ஊரில் அது நன்றாகக் கிடைக்கிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு. அந்தக் கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று எழுதி, இடம் விட்டு உங்கள் எண்ணை எழுதி, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அது நான்கு நாள் செல்லும். அதைக் கொண்டு புதுக் கம்பெனிக்குப் போனால், அதே மாநில வட்டத்திற்குள் மூன்று வேலை நாளில் மாற்றித் தர வேண்டும். கேட்காத சேவைக்குப் பணம் பிடித்தால் 155223-ஐ அழைத்து நிறுத்துங்கள். மற்றப் புகாருக்கு 198. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத புகார் காற்றில் எழுதிய எழுத்து.

இத்தனையும் தனித்தனியாக நாம் செய்யக் கூடியவை. செய்தே தீர வேண்டியவை. இதோடு விஷயம் முடிந்துவிட்டதா? இல்லை.

தனி மனிதன் எவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டாலும், கடையில் இருக்கும் சரக்கில்தான் தேர்ந்தெடுக்க முடியும். நாம் மேலே சொன்ன தொழிலாளிக்கு 28 நாளில் சுமார் 10 ஜி.பி. போதும். 2024 ஜூலையில் ஜியோவின் 28 நாள் திட்டங்கள் எப்படி இருந்தன? 189 ரூபாய்க்கு 2 ஜி.பி. அதற்கு அடுத்த படி 249 ரூபாய்க்கு 28 ஜி.பி. பிறகு 299-க்கு 42. பத்து ஜி.பி.க்கு அங்கே படியே இல்லை! இரண்டு போதாது என்கிறவன் இருபத்தெட்டுக்குத் தாவ வேண்டும். கீழ்ப்படிகளையும் ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஏர்டெல் தினம் 1 ஜி.பி. தந்த 249 ரூபாய்த் திட்டத்தை நிறுத்திவிட்டது. விலையை ஏற்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மலிவான சரக்கைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால் அதற்கு வேறு என்ன பெயர்?

இந்தப் பண்டத்திற்கு நாம் வரியும் கட்டுகிறோம். 299 ரூபாய்க்குள் 18 சதவிகித ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அது மட்டும் 45 ரூபாய் 61 காசு. லட்சாதிபதி ரீசார்ஜ் செய்தாலும் அதே வரி, கூலிக்காரி ரீசார்ஜ் செய்தாலும் அதே வரி.

ஜனங்கள் ஒன்றாக நகர்ந்தால் கம்பெனிகள் கவனிக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. விலை உயர்ந்த 2024 ஜூலை ஒரே மாதத்தில் ஏர்டெல் சுமார் 17 லட்சம், வோடபோன் ஐடியா சுமார் 14 லட்சம், ஜியோ சுமார் 7.5 லட்சம் சந்தாதாரர்களை இழந்தன. விலையை ஏற்றாத பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 29 லட்சம் பேர் சேர்ந்தார்கள். யாரும் தலைமை தாங்காமலே, தீர்மானம் போடாமலே நடந்தது இது! சங்கம் வைத்து, தெரிந்து, திட்டமிட்டுக் கேட்டால் எவ்வளவு நடக்கும்? பாட்டியின் பட்டன் போனுக்குப் பேச்சுத் திட்டமும், 30 நாள் மாதமும் கம்பெனிகளின் தயாளத்தால் வந்தவை அல்ல. ஜனங்கள் முணுமுணுப்பதை விட்டுப் புகாராக எழுதியபோதுதான் அவை உத்தரவாக வந்தன.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

எல்லாச் சாதாரணத் திட்டங்களுக்கும் மாதம் என்றால் காலண்டர் மாதமாக இருக்க வேண்டும். 28 நாள் மாதம் ஒழிய வேண்டும்.

வாங்கிய டேட்டா நள்ளிரவில் பறிபோகக் கூடாது. மிச்சம் மறுநாளைக்கு, அடுத்த மாதத்திற்குச் சேர வேண்டும்.

பத்து ஜி.பி. போதும் என்கிறவனுக்குப் பத்து ஜி.பி. விற்க வேண்டும்.

மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவனிடம் நாள் விலையைக் கூட்டி வாங்கக் கூடாது.

ஷிப்ட் தகவலும் வருகைப் பதிவும் செல்போனில்தான் என்று உத்தரவிடுகிற முதலாளியும் சர்க்காரும் அதற்கான டேட்டா செலவைத் தனியே தர வேண்டும். தறிக்கு எண்ணெய் தொழிலாளியா வாங்கிப் போடுகிறான்?

ஆலை வாசற்கூட்டத்தில், கிராமச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அடுத்த சம்பள ஒப்பந்தக் கோரிக்கை தயாரிக்கும்போது டேட்டா அலவன்ஸ் என்று ஒரு வரி சேருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த தோழர்கள், தெரியாதவர்களின் போனை வாங்கி, அவர்கள் எத்தனை ஜி.பி. உபயோகிக்கிறார்கள், எந்தத் திட்டத்திற்குப் பணம் கட்டுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். விலைகள் நாளை மாறலாம். ரூபாயை நாளால் வகுக்கும் கணக்கு மாறாது.

கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கத் தெரிந்த நமக்கு, செலவில் ஒரு ரூபாய் பறிபோவதைத் தடுக்கவும் தெரிய வேண்டும். கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுவோம்! கணக்குப் போட்டதை ஒன்று சேர்ந்து கேட்போம்!